உப்புக்காற்று வீட்டில் இன்டர்நெட் வயரும் புதுத் தரையும்: எது முதலில், எது கடைசியில்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் தரையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் டைல்ஸ் கடைக்குத்தான் போகிறார்கள். டைல்ஸ் கடைசி வேலை. முதலில் இன்டர்நெட் வயர், அடுத்து ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம், இருக்கிறதா என்று பார்ப்பது, அதன்பின் கான்கிரீட், பிறகே டைல்ஸ். புதுத் தரை போட்ட பின் சுவரில் காடி வெட்டினால், கைதவறி விழும் உளி முதலில் தெறிக்க வைப்பது டைல்ஸ் மூலையைத்தான்.

இந்தக் கரையில் உப்பு மூன்று வழியாக வீட்டுக்குள் வருகிறது. காற்றில் வருவது செம்பையும் இரும்பையும் தின்னும். மண்ணிலிருந்து ஏறுவது தரையையும் சுவரின் அடியையும் அரிக்கும். கலவைத் தண்ணீரிலும் மணலிலும் வருவது நாமே காசு கொடுத்து வாங்கி வைப்பது. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த மூன்றில் ஒன்றை அடைப்பதற்காகத்தான்.

வயர்: தரைக்குள் வேண்டாம்

தரைக்கு அடியில் பைப் பதித்து வயர் இழுப்பது பார்க்க அழகு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அந்தப் பைப்புக்குள் உப்புத்தண்ணீர் நிற்கும். வீட்டுக்குள் போடும் சாதாரண கேட் 6 வயரின் உறை தண்ணீரில் கிடப்பதற்குச் செய்யப்பட்டதல்ல. அதனால் வயரை லிண்டல் மட்டத்தில் கொண்டுபோய், வேண்டிய இடத்தில் மட்டும் கீழே இறக்குங்கள். 25 மி.மீ. பிவிசி பைப்பில் நான்கு வயர் தாராளமாகப் போகும். ஐந்தாவதைத் திணிக்க வேண்டாம். திருப்பங்களில் எல்போ போடாமல் நீளமான பெண்ட் போடுங்கள். கரண்ட் பைப்போடு சேர்த்து ஓட்டினால் குறைந்தது ஒரு அடி இடைவெளி. குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும். பழைய வீடுகள் சிலவற்றில் சுவர் பவளக்கல்லும் சுண்ணாம்புமாக இருக்கும். அதில் காடி வெட்டினால் வெட்டிய இடம் மட்டும் உதிர்வதில்லை, பக்கத்துப் பூச்சும் கூடவே வரும். அங்கே சுவருக்கு வெளியே கேசிங் கேப்பிங் (மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டி) போதும்.

சுவரில் பதிக்கும் ஐஓ பாக்ஸை (இன்டர்நெட் வயர் செருகும் சாக்கெட்டை) வழக்கமான ஒரு அடி உயரத்தில் வைக்காதீர்கள். பூச்சு பொருமி நிற்கும் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதற்கு அரை அடி மேலே வையுங்கள். இரும்புப் பாக்ஸ் வேண்டாம், பிவிசி பாக்ஸ். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ்; கடலைப் பார்த்த வெளிச்சுவருக்கு 316 தரம், உள்ளே 304 போதும்.

வயர் வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவுதான், ஆனால் வளைத்தால் முறியும், உப்புக்காற்று பட்டால் முனை பொடியாகும். முழுச் செம்பு என்று அச்சிட்ட வயரையே வாங்குங்கள். ஒரு பெட்டி 305 மீட்டர். மூன்று அறை வீட்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது என்பதால், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையைத் தேடுங்கள்.

முனை கட்டுவதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. மேலுறையை ஓர் அங்குலம் உரித்து, நான்கு ஜோடிகளையும் பிரித்து இந்த வரிசையில் தட்டையாக அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இந்த வரிசைக்குப் பெயர் டி568பி. பச்சை ஜோடி நீலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். நான்கு ஜோடியையும் அடுத்தடுத்து நேராக வைத்துவிட்டால் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், வேகம் மட்டும் வராது. அந்த டெஸ்டர் இழை தொடர்கிறதா என்று பார்க்குமே தவிர, ஜோடி மாறியதைக் கண்டுபிடிக்காது. அடுக்கிய இழைகளை அரை அங்குலத்துக்கு வெட்டி, முனைகள் ஆர்ஜே 45 கனெக்டரின் மூக்கில் முட்டித் தெரியும் வரை தள்ளி, மேலுறையும் கனெக்டருக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தபின் கிரிம்ப் பண்ணுங்கள். உறை வெளியே நின்றால், நான்கு முறை பிடுங்கிச் செருகியதும் இழை தளர்ந்துவிடும்.

எல்லாம் மாட்டிய பின் கம்ப்யூட்டரில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 காட்ட வேண்டிய இடத்தில் 100 காட்டினால் எட்டு இழையில் ஏதோ ஒன்று தொடவில்லை. 100-க்கு நான்கு இழை போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். புது வயரில் இப்படி வந்தால் கிரிம்ப் தப்பு. ஒரு வருடம் ஓடிய வயரில் வந்தால் கனெக்டரைக் கழற்றி ஊசிகளைப் பாருங்கள், பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுத்தம் செய்ய மெனக்கெடாமல் முனையை வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள். தங்க முலாம் 50 மைக்ரோ இன்ச் என்று போட்ட கனெக்டர் இங்கே கூடுதல் காசுக்குத் தகும்.

வெளியிலிருந்து வரும் ஃபைபர் வயரைக் கடல்காற்று நேரே அறையாத பக்கத்திலிருந்து உள்ளே எடுங்கள். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். துளைக்கு முன்னால் வயர் கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மீதி வயரைச் சுருட்டும்போது டம்ளர் வாயைவிடச் சின்ன வட்டமாக மடக்காதீர்கள். அதற்கு மேல் மடங்கினால் ஒளி கசிந்து சிக்னல் இறங்கும். ஃபைபரோடு ஒட்டி வரும் இரும்புத் தாங்கு கம்பியை வெளியிலேயே கொக்கியில் கட்டி வெட்டிவிட வேண்டும். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது, அந்தக் கம்பியில் போகும். இடி மழையில் அது வீட்டுக்குள் நீண்டிருக்கக் கூடாது.

ரௌட்டர் வீட்டின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கீழக்கரையின் பழைய வீட்டுக் கனத்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. அதற்குத்தான் இவ்வளவு வயர்.

தரை: முதலில் ஓதம்

மழை ஓய்ந்து ஒரு வாரம் கழித்து, ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் துண்டைப் பழைய தரையில் விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அறைக்கு மூன்று இடம். பிரித்தால் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது காற்றின் ஈரம்தான்.

அடிப்பக்கம் ஈரம் கண்ட தரையின் மேல் நேராக டைல்ஸ் ஒட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் கிரவுட் (டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கலவை) கோடு வழியாக மட்டுமே வெளியேற முடியும். அது காற்றில் போய்விடும், உப்பு அங்கேயே நின்று படிகமாக வளரும். அந்தப் படிகம் துளைகளுக்குள் வீங்கித்தான் கிரவுட்டை உதிர்க்கிறது, பூச்சைப் பொரும வைக்கிறது. கிளிக் முறையில் மாட்டும் மரத்தரை பற்றிப் பேச்சே வேண்டாம். அடியில் ஈரம் பட்டால் ஓரம் உப்பிவிடும்.

சுவரடியிலும் இதே கதைதான், கூடவே இன்னொன்று. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுக்கும். கோடையில் காய்ந்து கிடந்த சுவர் வாடைக்காற்று வந்ததும் நனைந்து தெரிவது எங்கும் ஒழுகுவதால் அல்ல. உள்ளே ஏறிய உப்பால். அதற்கு மேல் ஆயில் பெயிண்ட் அடித்து மூடினால் ஓதம் இன்னும் உயரத்துக்கு ஏறும்.

சரியான வழி, பழைய தரையை எடுப்பது. 10-க்கு 12 அடி அறையைக் கணக்காக வைத்துக்கொள்வோம். ஆறு அங்குலம் தோண்டி, திமிசுக்கட்டையால் இறுக்கி, இரண்டு அங்குலம் மணல் பரப்பி மட்டம் பண்ணுங்கள். அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட். கடையில் 1000 கேஜ் என்பார்கள். நான்கு சுவரிலும் குறைந்தது அரை அடி ஏறி நிற்க வேண்டும் என்பதால், கொஞ்சம் தாராளமாக 12-க்கு 14 அடித் துண்டு வாங்குங்கள். ஒட்டுப் போட நேர்ந்தால் அரை அடி மேலேற்றி டேப் ஒட்டுங்கள். ஷூ காலோடு அதன் மேல் நடக்கக் கூடாது. கூர்மையான ஒரு ஜல்லி குத்தினாலும் போதும், அந்த ஓட்டைதான் பின்னால் உப்பு பூக்கும் இடம்.

ஷீட்டின் மேல் மூன்று அங்குலம் 1:2:4 கான்கிரீட். இந்த அறைக்கு சிமெண்ட் ஆறு மூட்டை, மணல் 14 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 27 கன அடி. தண்ணீர் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர். மொத்தம் 150 லிட்டர் சொச்சம், பத்துப் பன்னிரண்டு குடம். இவ்வளவுதான் தேவை என்னும்போது போர் தண்ணீரை ஊற்றுவது அறியாமை. காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் நாளில் பிடித்து வையுங்கள். கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை, கம்பி உள்ளதற்கு 500 வரை என்பது ஐ.எஸ். 456 சொல்லும் வரம்பு. அது கான்கிரீட்டின் ஆயுளுக்கு; தரையில் உப்பு பூக்காமலிருக்க, இன்னும் குறைவாக இருப்பதே நல்லது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் சந்தேகம் தீரும்.

மணலையும் அதே மீட்டரால் பார்க்கலாம். ஒரு டம்ளர் மணல், ஒரு டம்ளர் நல்ல தண்ணீர், குலுக்கி ஒரு மணி நேரம் விட்டு மேல்தண்ணீரை அளவுங்கள். முன்பிருந்ததைவிட ஆயிரக்கணக்கில் ஏறினால் அது கரைமணல் கலந்தது, லோடைத் திருப்பி அனுப்புங்கள். சிப்பித் துண்டு கண்ணில் பட்டால் மீட்டரே தேவையில்லை.

கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து ஏழு நாள் நல்ல தண்ணீரிலேயே நனைத்து வையுங்கள். ஈரச் சாக்கின் மேல் பாலித்தீன் மூடினால் தண்ணீர் பாதிதான் ஆகும். அதன்பின் மூன்று வாரம் காயவிடுங்கள். பொறுமை இல்லாமல் பத்தாம் நாளே ஒட்டினால், கான்கிரீட் சுருங்கும்போது டைல்ஸ் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும்.

தோண்ட வழியில்லை, ஆனால் கதவுக்குக் கீழே இரண்டரை அங்குலம் ஏற்ற இடமிருக்கிறது என்றால், பழைய தரை மேலேயே ஷீட் விரித்து இரண்டு அங்குலம் கான்கிரீட் போடலாம். அதற்குக் குறைந்தால் வெடிக்கும். இதற்கு ஜல்லி சின்னதாக, அரை அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

டைல்ஸ் ஒட்டுதல்

மேட் பினிஷ் வாங்குங்கள். கடல் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். பளபள டைல்ஸின் மேற்பூச்சைவிடக் கடினம். வாசலிலிருந்து அடுப்படி வரை கால் படும் பாதை சில வருடத்தில் மங்கிவிடும். 2-க்கு 2 அடி டைல்ஸ் ஒரு பெட்டியில் நான்கு, 15.5 சதுர அடி. கழிவு சேர்த்து ஒன்பது பெட்டி வேண்டும். எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்தானா என்று கடையிலேயே பாருங்கள்.

விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது. அதனால் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது; ஒட்டியது போல இருந்து பிறகு கொட்டென்று சத்தம் கேட்கும். ஐ.எஸ். 15477 டைப் 2 என்று போட்ட அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டும் பசை) வாங்குங்கள். 20 கிலோ மூட்டை மூன்று பிடிக்கும், தரை மட்டமாக இல்லாவிட்டால் நான்கு.

வாசலிலிருந்து முழு டைல்ஸ் தொடங்கும்படி உலரவே ஒரு வரிசை அடுக்கிப் பாருங்கள். நூல் கட்டி, மூலை செங்கோணமாக இருக்க 6, 8, 10 அடி முக்கோணக் கணக்கில் மட்டம் பிடியுங்கள். வெட்டுத் துண்டு கட்டிலுக்கோ பீரோவுக்கோ அடியில் மறையட்டும். அட்ஹெசிவைப் பல்கரண்டியால் ஒரே திசையில் கோடு கோடாக இழுங்கள். வட்டம் வட்டமாக இழுத்தால் காற்று உள்ளேயே சிக்கும். டைல்ஸின் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு.

கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒட்டுங்கள். மூட்டையில் 20 நிமிடம் என்று போட்டிருந்தாலும் அந்தக் காற்றில் பத்து நிமிடத்தில் மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் கையில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் தண்ணீர் தெளித்து இளக்காமல் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒரே தடவையில் மூன்று டைல்ஸுக்கு மேல் பூசாதீர்கள். பத்து டைல்ஸுக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஐந்தில் நான்கு பங்காவது அட்ஹெசிவ் பட்டிருக்க வேண்டும்.

இடையில் 2 மி.மீ. ஸ்பேசர். சுவரோரம் 8 மி.மீ. சும்மா விடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மறைத்துவிடும். சுவரேறி நிற்கும் ஷீட்டையும் ஸ்கர்ட்டிங் மட்டத்துக்கு அப்போதுதான் வெட்ட வேண்டும், முன்னால் அல்ல. டைல்ஸ் வெட்டும்போது கண்ணாடியும் மாஸ்கும் போடுங்கள், பிளேடில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வெட்டுங்கள். உலர்ந்த தூசு நுரையீரலுக்கு ஆகாது. 24 மணி நேரம் கழித்து கிரவுட். வாசலுக்கும் குளியலறைக்கும் எபோக்சி, மற்ற இடத்துக்கு சிமெண்ட் கிரவுட் போதும். அதையும் நல்ல தண்ணீரில்தான் குழைக்க வேண்டும்.

முதல் மழைக்காலத்தில் கிரவுட் கோட்டில் வெள்ளையாகப் பூத்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, பெருக்கி அள்ளி வெளியே கொட்டுங்கள். கலவையில் இருந்த உப்பென்றால் நாளாக ஆகக் குறைந்து நின்றுவிடும். ஒரே கோட்டில் வருடா வருடம் பூத்தால் அந்த இடத்தில் ஷீட் கிழிந்திருக்கிறது. அந்த இரண்டு டைல்ஸை எடுத்து, கீழே ஷீட் வரை உடைத்து ஒட்டுப் போட வேண்டும். மிச்சம் இருக்கும் டைல்ஸில் ஐந்தாறைப் பரணில் போட்டு வைப்பது இதற்குத்தான்.