‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தொனி, குறியீடு, கரு: தொடக்கநிலை மாணவர்களுக்கான செய்முறை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளியின் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களோடு சிறுகதை படிக்கிறேன். கதையின் கரு, அதாவது அது சொல்லவரும் மையக் கருத்து, என்னவென்று கேட்டால், பலரும் ‘வறுமை’ என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். கருவை முதலில் தேடுவதால் வரும் பிழை இது. கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை வைத்து வேறு வரிசையில் முயல்வோம். 1950களில் கோலாலம்பூரில் தங்கித் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய அவர் நமக்கு அயலார் அல்லர்.

முதல் வாசிப்பில் எதையும் குறிக்க வேண்டாம். கதையை அனுபவித்தால் போதும்.

இரண்டாம் வாசிப்பு தொனிக்கானது, அதாவது சொல்லும் குரலில் தெரியும் மனநிலைக்கானது. தீபாவளிக்கு முன்னிரவில் திக்கற்று வந்து நிற்கும், உடலெல்லாம் சிரங்கு பிடித்த சிறுவனை ஏழைத் தாயான தாயம்மாள் ஏற்றுக்கொள்ளும் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு அதே பகுதியில் ‘ஐயோ’, ‘பரிதாபம்’ போன்ற சொற்களை நீங்களே இடையிடையே சேர்த்து மறுபடியும் படித்துப் பாருங்கள். கதை உடனே கனம் இழந்துவிடும். ஆசிரியர் தம் இரக்கத்தை அறிவிக்காமல், நடந்ததை மட்டும் நிதானமாகச் சொல்லிச் செல்வதால்தான் நம் நெஞ்சு நெகிழ்கிறது என்பது அப்போது காதிலேயே விளங்கும். அந்த நிதானமான பரிவே இக்கதையின் தொனி.

அடுத்தது குறியீடு, அதாவது தன்னைத் தாண்டி வேறொரு பொருளையும் உணர்த்தும் பொருள் அல்லது சொல். மழையையும் விளக்கையும் கண்ட இடத்திலெல்லாம் குறியீடு என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு பொருள் கதைக்குள் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் கேளுங்கள். கணவனுக்கென்று தாயம்மாள் வைத்திருந்த துண்டு அந்தச் சிறுவனுக்குப் போகிறது. அந்த ஏழை வீட்டில் அது உண்மையான இழப்பு என்பதால்தான் வெறும் துணி என்ற நிலையைத் தாண்டுகிறது. அவ்வாறே ‘ராஜா’ என்ற சொல் வரும் இடங்களை அடிக்கோடிடுங்கள். செல்வர் வீட்டுக்கு வந்த விருந்தாளியும் ராஜா. இந்தச் சிறுவனின் பெயரும் ராஜா. தாயம்மாளின் மகள் மங்கம்மாள் அச்சொல்லைப் பெருமையோடு சொல்லும்போது, அது யாருக்கு உரியது என்ற கேள்வி தானே எழுகிறது.

இப்போது கருவை எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியமாக எழுதுங்கள். ‘இல்லாத வீடு ஓர் அனாதைச் சிறுவனைத் தன் பிள்ளைகளில் ஒருவனாக ஏற்று, அவனுக்குரிய மதிப்பை அளிக்கிறது’ என்று நான் எழுதுவேன். உங்கள் வாக்கியம் வேறாக இருக்கலாம். அதன் கீழே கதையிலிருந்து மூன்று சான்றுகளைக் குறியுங்கள். கதையின் முடிவுக்கு அவ்வாக்கியம் பொருந்தவில்லையெனில், அதைத் திருத்திவிட்டு மீண்டும் துண்டு வரும் இடத்திலிருந்து படியுங்கள்.