நெல்லைச் சீமையில் ரோடு வேலை: வண்டி ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் சில வருடங்களாக ரோடு வேலையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. தென்காசி ரோடு நான்கு வழியானது. அம்பாசமுத்திரம், திருச்செந்தூர் ரோடுகளை அகலப்படுத்தினார்கள். தூத்துக்குடி ரோட்டில் பால வேலை. ஊரைச் சுற்றி மேற்குப் புறவழிச்சாலை. இடம் மாறினாலும் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் செய்கிற தவறுகள் மாறவில்லை. முன்பு ஓட்டியவர்கள் எதில் விழுந்து எழுந்தார்களோ, அதே இடத்தில் இவர்களும் விழுகிறார்கள்.

ஹெல்மெட், சீட் பெல்ட், செல்போன் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவை தெரியாதவர் யாருமில்லை. வேலை நடக்கிற ரோட்டுக்கே உரிய தவறுகள் மட்டும் இங்கே.

திறக்காத புதுப் பாதையில் ஏறுவது

எல்லாவற்றிலும் மோசமான தவறு இதுதான். எத்தனை பலகை வைத்தாலும் நிற்காத தவறும் இதுதான்.

இடப்பக்கம் பழைய ரோடு. குழி, தூசி, முன்னால் ஊர்ந்து போகும் வைக்கோல் லாரி. வலப்பக்கம் கறுகறுவென்று புதுத் தார். நுழைகிற இடத்தில் குறுக்கே ஒரு மண்மேடு கொட்டியிருக்கும். அதன் ஓரத்தில் பைக் நுழையும் அளவுக்கு யாரோ வெட்டிவிட்டிருப்பார்கள். அதில் டயர்த் தடமும் தெரியும். ‘நாலு பேர் போயிருக்கிறார்களே’ என்று ஏறுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் சுகமாக ஓடும். அதற்கப்புறம் ரோடே இருக்காது.

ஏன் இருக்காது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏறத் தோன்றாது. ரோட்டை இந்த முனையில் தொடங்கி அந்த முனை வரை வரிசையாகப் போடுவதில்லை. நிலம் எங்கே கைக்கு வந்ததோ அங்கே முதலில் மண் நிரப்பி, ஜல்லி பரப்பி, தார் போட்டுவிடுவார்கள். சிறுபாலங்கள் தனி வேலை. அதற்கு ஆட்களும் தனி. நம் பக்கம் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் ரோடு போகும் வழியெல்லாம் கால்வாய்தான்: கன்னடியன் கால், பாளையங்கால், நெல்லைக் கால், இவற்றிலிருந்து பிரியும் கிளைகள், குளங்களின் மறுகால்கள் (குளம் நிரம்பினால் உபரி நீர் வெளியேறும் ஓடைகள்). கார் பருவ நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறந்தால் செப்டம்பர் வரை ஓடும். பிறகு பிசானம் என்ற அடுத்த நெல் பருவம், அது மாசி வரை இழுக்கும். தண்ணீர் ஓடும்போது கால்வாய்க்குள் அடித்தளம் தோண்ட முடியாது. கோடையில் கால்வாய் அடைத்திருக்கும் அந்தக் கொஞ்ச நாளில்தான் பாலத்தைக் கட்டியாக வேண்டும். அந்த நாள் தப்பினால் வேலை அடுத்த கோடைக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் பளபளவென்று தார் ரோடும் நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளமும் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது இதனால்தான். பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம் என்றால், ஆட்கள் இறங்கி வேலை செய்ய இருபுறமும் இடம்விட்டு, பாலத்தைவிட அகலமாகத் தோண்டியிருப்பார்கள். அடியில் கட்டிய கம்பிகள் நுனி மேல்நோக்கி நிற்கும்.

ரயில்வே மேம்பாலமும் இப்படித்தான். ரோடு வேலை ஒரு வேகத்தில் நடக்கும், தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதி இன்னொரு வேகத்தில் நடக்கும். பாவூர்சத்திரத்தில் ரோடு அகலமான பிறகும் பால வேலை நீண்டதை அந்த வழியாகப் போய்வந்தவர்கள் அறிவார்கள்.

அந்த டயர்த் தடம் ஏன் ஏமாற்றுகிறது? அது உள்ளூர்க்காரர் போட்ட தடம். வயலுக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர் பள்ளத்துக்கு முன்னாலேயே இடப்பக்கம் வண்டித் தடத்தில் இறங்கிவிடுவார். எங்கே இறங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெளியூர்க்காரர் அந்தத் தடத்தை நம்பி ஏறி, இறங்குகிற இடத்தைத் தவறவிட்டு நேரே போவார்.

இரவில் இது இன்னும் மோசம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி, ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க சுமார் 80 மீட்டர் வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்புக் கணக்கு. 80 கி.மீ. வேகத்தில் 120 மீட்டர். ஹெட்லைட்டைத் தாழ்வாகப் போட்டால் பல பைக்குகளில் 40 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. அதாவது பள்ளம் கண்ணில் படும்போதே நிறுத்துவதற்கான தூரம் கைவிட்டுப் போயிருக்கும். புதுத் தார் வெளிச்சத்தை உறிஞ்சும். ஓரக் கோடு, ஒளிரும் குமிழ் எதுவும் பதித்திருக்க மாட்டார்கள். பள்ளத்துக்கு முன் கட்டிய ரிப்பனை ஆடிக் காற்று அறுத்துக்கொண்டு போயிருக்கும். தடுப்பில் ஒட்டிய ஒளிரும் பட்டையில் ஒரு விரற்கடைக்குத் தூசி படிந்திருக்கும்.

பகலில் வேறொரு ஆபத்து. ஜல்லிக் கலவையும் தாரும் பரப்புகிற பேவர் மட்டம் பிசகாமல் ஓடுவதற்காக, ரோட்டின் ஓரத்தில் இரும்பு முளை அடித்து மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். முழங்கால் உயரத்தில் அது விறைப்பாக நிற்கும். பத்தடி தூரத்தில் நின்று பார்த்தாலே கண்ணுக்குத் தட்டுப்படாது. பைக்கில் குறுக்கே நுழைகிறவர் அதில் மாட்டினால் கம்பி விடாது.

பாதை திறந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: அரசு பஸ் அதில் போகிறதா என்று பாருங்கள். டவுன் பஸ்ஸும் தென்காசி பஸ்ஸும் பழைய ரோட்டிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் புதியது திறக்கவில்லை. தெரியாமல் ஏறிவிட்டால், ‘எங்காவது இறங்க வழி இருக்கும்’ என்று முன்னே போகாதீர்கள். நிறுத்தி, திருப்பி, ஆள் நடக்கும் வேகத்தில் ஏறிய இடத்துக்கே வாருங்கள்.

விளிம்பில் சாய்வாக ஏறுவது

தார்க் கலவையை ஒரே நேரத்தில் ரோட்டின் முழு அகலத்துக்கும் போட மாட்டார்கள். பாதியைப் போட்டு, போக்குவரத்தை மறுபாதியில் விடுவார்கள். அடியில் போடும் தடித்த தார் அடுக்கு 50 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். ஆகவே ரோட்டின் நடுவில் நீளவாக்கில் இரண்டு முதல் நான்கு அங்குலப் படி ஒன்று நிற்கும். ஓரத்தில் கிராவல் கொட்டி மட்டப்படுத்தும் வரை அங்கே இன்னும் ஆழமான படி இருக்கும்.

பைக்கில் புதிதாக வருகிறவர் இந்தப் படியை ஒட்டியே ஓடி, மெதுவாகச் சாய்த்து ஏறப் பார்ப்பார். முன்சக்கரம் ஏறாது, படியை உரசிக்கொண்டே ஓடும். வண்டி ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று ஆகி விழுவார். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். ஏறியே ஆக வேண்டுமென்றால் வேகத்தை 20-க்குக் கீழே கொண்டுவந்து, படியைவிட்டு ஓரடி இரண்டடி விலகி, ஹேண்டிலைத் திருப்பி, முடிந்தவரை நேர்க்குத்தாக ஏற வேண்டும்.

காரில் வேறு மாதிரி. இடப்பக்கச் சக்கரங்கள் ஓரத்தில் இறங்கிவிட்டால் பயத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிப்பார்கள். டயர் படியில் மோதி ஏறாமல் நிற்கும், இன்னும் ஒடிப்பார்கள். திடீரென்று ஏறும்போது சக்கரம் ஏற்கெனவே அதிகம் திரும்பியிருப்பதால் கார் எதிர்ப்பாதைக்கே பாய்ந்துவிடும். ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து அப்படியே ஓரத்தில் ஓடவிடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, படி தாழ்ந்த இடம் பார்த்து ஏறுங்கள்.

பழைய தாரைச் சுரண்டி வரிவரியாக விட்ட இடத்தில் பைக் தானாக ஆடும். ஹேண்டிலை இறுக்கினால் ஆட்டம் கூடும்; பிடியைத் தளர்த்துங்கள்.

தார் தெளித்த இடத்தில் பிரேக் பிடிப்பது

ஜல்லி அடுக்கின் மேலும், ஒரு தார் அடுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவிலும் எமல்ஷன் என்ற நீர்த்த தாரைத் தெளிப்பார்கள். தெளித்தவுடன் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். நீர் பிரிந்ததும் கறுக்கும். பழுப்பாக இருக்கும்வரை அது எண்ணெய் கொட்டிய தரைதான். அதில் போகத்தான் வேண்டும் என்றால் முன்பிரேக்கைத் தொடாமல், வளைக்காமல், ஒரே வேகத்தில் கடந்துவிடுங்கள். பெயின்ட்டில் தெறித்தால் அன்றைக்கே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் மண்ணெண்ணெய் படக் கூடாது.

டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போவது

வேண்டாம். ஜல்லி விழும். டிப்பர் எந்த இடத்திலும் சைகை காட்டாமல் திரும்பும்.

நான்கு வழி இரண்டு வழியானதை மறப்பது

தூத்துக்குடி ரோட்டில் வல்லநாடு ஆற்றுப்பாலம் பழுதானபோது ஒரு பாலத்தை மூடி, இன்னொன்றில் இரு திசைப் போக்குவரத்தையும் விட்டார்கள். கன்னியாகுமரி நான்கு வழிச்சாலையிலும் பழுது பார்க்கும்போது இதே ஏற்பாடுதான். இதில் நுழைகிற புதியவர் சில நூறு மீட்டர் போனதும் பழக்கத்தில் வலப்பக்கத் தடத்துக்கு மாறி முந்தப் பார்ப்பார். இப்போது அது எதிரே வருகிறவருடைய தடம்.

சந்தேகம் வந்தால் பலகைகளைப் பாருங்கள். பலகைகளின் முதுகுதான் உங்களுக்குத் தெரிகிறது என்றால், நீங்கள் ஓடிக்கொண்டிருப்பது எதிர்த்திசைக்கென்று கட்டிய பாதை. பகலிலும் விளக்கைத் தாழ்வாகப் போட்டு, இடப்பக்கத்தை விடாமல், பழைய பாதைக்குத் திருப்பிவிடும் பலகை வரும்வரை முந்தாமல் போங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மாற்றுப்பாதையை நம்புவது

பாலம் கட்டும் இடத்தைச் சுற்றிவிடும் மாற்றுப்பாதை என்பது, ஓடையில் சில சிமென்ட் குழாய்களைப் போட்டு மேலே மண் கொட்டியது. அந்தக் குழாய்கள் சாதாரண மழைக்கு மட்டுமே போதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது நிரந்தர ரோடுகளே அறுத்துக்கொண்டு போயின. மாற்றுப்பாதைக்கு அவ்வளவு மழை தேவையில்லை.

ஏறுவதற்கு முன் இரண்டு பக்கமும் பாருங்கள். மேற்புறம் தண்ணீர் தேங்கி உயர்ந்து, கீழ்ப்புறம் குழாய் வாய் நிறைய ஓடுகிறதென்றால், குழாய் தாங்கவில்லை, மண் ஊறிக்கொண்டிருக்கிறது. கீழ்ப்புற ஓரத்தில் மண் சரிந்திருந்தாலோ, மேலே நீளவாக்கில் வெடிப்பு ஓடியிருந்தாலோ திரும்பிவிடுங்கள். முன்னால் லாரி போய்விட்டது என்பது அத்தாட்சி ஆகாது; அந்த லாரியின் பாரத்தில்தான் அது இளகியிருக்கும்.

கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் கரிசல். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்தாலே அங்கே வழுக்கும், மழை வேண்டியதில்லை.

ஆனி ஆடிக் காற்று

செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்றுக்கு முன்பெல்லாம் ரோட்டோர மரங்கள் கொஞ்சம் தடுப்பாக நின்றன. அகலப்படுத்தியபோது பல இடங்களில் அவை போய்விட்டன. தகரத் தடுப்பை ஒட்டிப் போகும்போது காற்றே தெரியாது. அது முடிகிற இடத்தில் ஒரே அடியாகப் பக்கவாட்டில் தள்ளும். பணகுடி, காவல்கிணறு பக்கம் இது அதிகம். தடுப்பு முடிவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேப் சொன்னதை மட்டும் கேட்பது

நேற்று வெட்டிய பள்ளம் மேப்பில் இராது.

கொடி பிடிப்பவரை மதிக்காமல் நுழைவது

ஒற்றைத் தடத்தில் மாற்றி மாற்றி விடும் இடத்தில் அவர் நிறுத்துவது உங்கள் கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பால் வரிசையாக வண்டிகள் வருவதால். ஒரு பைக் நுழைந்தால் போதும், இரண்டு பக்கமும் சிக்கி அரை மணி நேரம் யாரும் நகர முடியாது.

நாள் பாராமல் கிளம்புவது

கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகப் போகும். சாரல் நாட்களில் சனி, ஞாயிறு என்றால் குற்றாலக் கூட்டம். தைப்பூசம், வைகாசி விசாகம், கந்த சஷ்டியை ஒட்டித் திருச்செந்தூருக்குப் பச்சை உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள். ரோட்டோரத்தைத் தோண்டிப்போட்டிருந்தால் அவர்களுக்குத் தார் மேல்தான் நடக்க இடம். இருட்டில் பச்சை உடை கறுப்பாகத்தான் தெரியும். செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாக அந்த இரவுகளில் போகிறவர்கள் 40-க்கு மேல் ஓட்டக் கூடாது. குழந்தைகளும் வயதானவர்களும் அந்த வரிசையில் நடக்கிறார்கள்.

பள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் போவது

தடுப்பில்லாத குழி, விழுந்து கிடக்கும் பலகை, அறுந்த ரிப்பன் எதைப் பார்த்தாலும் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை: 1033-க்குக் கூப்பிடலாம். பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை: ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு பதியலாம். கல்லில் உள்ள எண்ணையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் போகும் திசை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஆலங்குளத்துக்குப் பக்கத்தில்’ என்று மட்டும் சொன்னால் வருகிறவர் தேடிக்கொண்டே இருப்பார். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவில், ரோட்டைக் கட்டுவதிலும் பராமரிப்பதிலும் விதிக்கப்பட்ட தரத்தைக் கடைப்பிடிக்காமல் விபத்தில் உயிரோ உறுப்போ போனால் பொறுப்பானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தக் குழி அன்றைக்கு எப்படி இருந்தது என்பதற்குத் தேதியோடு நீங்கள் எடுத்த படம் சாட்சியாக நிற்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள்.