குளோமஸ் கட்டி: குண்டூசித் தலையால் தேட வேண்டிய வலி

ஃப்ரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தால் மோதிர விரல் நகத்துக்கடியில் சுரீரென்கிறது. எதிலாவது லேசாகப் பட்டுவிட்டால் உயிரே போகிறது. ஆனால் விரலைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. உற்றுப் பார்த்தால் நகத்தில் மங்கலான நீலம் தெரியலாம், அல்லது நீளவாக்கில் ஒரு கோடு.

இப்படி வருபவர்களில் சிலருக்கு இருப்பது குளோமஸ் கட்டி. தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைத்து உடல் சூட்டைச் சீர்செய்யும் நுண்ணிய அமைப்பிலிருந்து வளர்வது. பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். புற்றாக இருப்பது மிக மிக அபூர்வம்.

இந்தக் கட்டியே அரிது என்பதால் சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வராது. நகச்சுத்தி என்று ஆன்டிபயாடிக், கழுத்து நரம்பு என்று பிசியோதெரபி, கடைசியில் "எல்லாம் மனப்பிரமை". வருடக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. நகச்சுத்தி என்றால் வீங்கும், சிவக்கும், சீழ் வைக்கும். மாதக்கணக்கில் வெறும் வலி மட்டும் இருக்காது.

என்னைக் கேட்டால் பெரிய தவறு, விரல் நுனியை மொத்தமாக அமுக்கிப் பார்த்துவிட்டு அனுப்புவதுதான். குண்டூசியின் தலையால் நகத்தின் மேல் புள்ளி புள்ளியாக அழுத்த வேண்டும். ஓர் இடத்தில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார். கொஞ்சம் தள்ளி அழுத்தினால் சும்மா இருப்பார். இதற்கு லவ் சோதனை என்று பெயர். அப்புறம் கையில் பி.பி. பட்டையைக் கட்டிக் காற்றடித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு அதே புள்ளியை அழுத்தினால் வலி காணாமல் போகும். காற்றை இறக்கியதும் திரும்பி வரும். இது ஹில்ட்ரெத் சோதனை. இரண்டுக்கும் ஐந்து நிமிடம் போதும். குளிரில் வலி கூடுகிறதா என்று கேட்க அதுவும் வேண்டாம்.

எக்ஸ்-ரே நார்மல் என்றதும் ஃபைலை மூடிவிடுவது அடுத்த தவறு. நாள்பட்ட கட்டி எலும்பில் பதிந்து குழி விழுந்திருந்தால்தான் அதில் தெரியும். எம்ஆர்ஐ நன்றாகக் காட்டும். ஆனாலும் மிகச் சிறியவை அதற்கும் தப்பிவிடும். சோதனைகள் தெளிவாகச் சொல்லும்போது ஸ்கேனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

அறுவை சிகிச்சையில் கட்டி முழுதாக வர வேண்டும்; துணுக்கு தங்கினால் வலி திரும்பும். எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்பாமல் விடக் கூடாது. பல விரல்களில் இருந்தால் தோலில் காபி நிறத் திட்டுகள் உண்டா என்றும் பார்க்க வேண்டும்: நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி ஒன்றுக்கு மேல் வருவதுண்டு.