‘தண்டனைக்குரிய அபராதம்’ என்று எழுதாதீர்கள்

பெங்களூரில் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வரும் புதியவர்கள் தெரியாத சொல்லுக்குத்தான் அகராதியைத் திறக்கிறார்கள். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லை அப்படியே தூக்கி வைத்துவிடுகிறார்கள். சமையல் குறிப்பில் இதனால் பெரிய நஷ்டமில்லை. குற்றம், தண்டனை பற்றிய அறிவிப்பில் செய்தால் படிப்பவர் கோர்ட்டுக்கு அலைய நேரும். ஒற்றுப் பிழையையும் சந்திப் பிழையையும் மெய்ப்பு பார்ப்பவர் பிடித்துவிடுவார். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அபராத, அபராதம்

‘சிக்ஷார்ஹ அபராத’ என்ற கன்னட எச்சரிக்கை பொது இடங்களில் அடிக்கடி கண்ணில் படும். இதைத்தான் ‘தண்டனைக்குரிய அபராதம்’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வளர்ந்து இரண்டு மொழியும் காதில் கலந்தவருக்கு இது உறுத்துவதுகூட இல்லை. கன்னட ‘அபராத’ என்பது குற்றம். தமிழ் ‘அபராதம்’ கட்ட வேண்டிய பணம். கட்டுகிற பணத்துக்கு யார் தண்டனை கொடுப்பார்கள்? எழுத வேண்டியது ‘தண்டனைக்குரிய குற்றம்’.

எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த தொகுப்பில் மறுபடி வந்து நிற்கும் எரிச்சலான பிழை இது. விளைவைப் பாருங்கள். ‘உங்கள் மீது அபராதம் பதிவாகியுள்ளது’ என்று தமிழில் படிப்பவர், ஃபைன் கட்டினால் தீர்ந்தது என்று நினைப்பார். ஆஜராக வேண்டிய தேதி கீழே இருந்தாலும் கண் அங்கே போகாது. தேதி தவறினால் பிடிவாரண்டு வரைக்கும் போகலாம். இதில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லாததால் மெய்ப்பு பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார்.

சொல் வடமொழியிலிருந்து வந்தது. அங்கே குற்றம் என்றே பொருள். கன்னடம், மராத்தி, இந்தி மூன்றிலும் அந்தப் பொருள் மாறவில்லை. தமிழில்தான் குற்றத்துக்காகக் கட்டும் பணத்தின் பெயராகக் குறுகிவிட்டது. பழைய பொருள் ஓரிரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘தெய்வ அபராதம்’ என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வது பணத்தை நினைத்து இல்லை. ‘நிரபராதி’ என்றால் குற்றமற்றவர். ஃபைன் கட்டாதவர் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. சந்தேகம் வந்தால் நிரபராதியை நினைத்துக்கொள்ளுங்கள், கன்னட அபராத பிடிபட்டுவிடும்.

இதே பிழை எதிர்ப்பக்கமும் வரும். கன்னடத்தில் பணமாகக் கட்டுவது ‘தண்ட’, அல்லது ‘ஜுல்மானெ’. ‘500 ரூபாய் தண்ட’ என்பதை ‘500 ரூபாய் தண்டனை’ என்று எழுதுகிறார்கள். ‘தண்டம்’ என்று எழுதினால் இன்னும் மோசம். ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம் கட்டுவது உண்டு, கல்வெட்டுத் தமிழிலும் உண்டு. ஆனால் இன்றைக்குத் தண்டச் செலவு, தண்டச்சோறு என்றே அந்தச் சொல் புழங்குகிறது. ‘குப்பை கொட்டினால் தண்டம் வசூலிக்கப்படும்’ என்ற பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு அங்கேயே கொட்டிவிட்டுப் போவார்கள்.

‘சிக்ஷெ’ கன்னடத்தில் தண்டனை. இந்தியில் ‘சிக்ஷா’ கல்வி. மத்திய அரசின் ‘சமக்ர சிக்ஷா’ பள்ளிக்கல்வித் திட்டம். பெங்களூர்க் காதோடு கேட்டால் ஒட்டுமொத்தத் தண்டனை! கல்விக்குக் கன்னடத்தில் ‘சிக்ஷண’ என்று தனிச்சொல் இருக்கிறது.

எனவே சொல்லைப் பார்க்காமல் அது குறிக்கும் பொருளைக் கேளுங்கள். செய்த தவறா? குற்றம். கட்டும் பணமா? அபராதம். சிறையும் சேர்த்துப் பொதுவாகச் சொல்வதா? தண்டனை. ‘ஒந்து வர்ஷ சிக்ஷெ மத்து ஹத்து சாவிர ரூபாயி தண்ட’ என்று வந்தால், மூலத்தில் அது சிறைதானா என்று பார்த்துவிட்டு, ‘ஓராண்டுச் சிறையும் 10,000 ரூபாய் அபராதமும்’.

ஆரோபி

கன்னட ‘ஆரோபி’ தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர். தீர்ப்பு வரும்வரை குற்றவாளி என்று எழுதாதீர்கள்.

‘வரை’யும் ‘அல்லது’வும்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கான தண்டனை 303ஆம் பிரிவில் வருகிறது: மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இடம் போதவில்லை என்று ‘வரை’யை வெட்டினால் உச்ச அளவு கட்டாய அளவாகிவிடும். கொலைக்கான 103ஆம் பிரிவில் மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை, கூடவே அபராதமும். அந்த ‘உம்’ விழுந்துவிடக் கூடாது.

அமானத்து, வஜா

கன்னடச் செய்தியில் அதிகாரி ‘அமானத்து’ என்றால் சஸ்பெண்ட். தமிழில் பணியிடை நீக்கம். தமிழ் முஸ்லிம்களிடம் அமானிதம் என்பது நம்பி ஒப்படைத்த பொருள். கன்னடத்தில் ‘வஜா’ என்றால் வேலை போய்விட்டது. தமிழில் வரி வஜா என்றால் வரியைக் குறைத்தார்கள் அல்லது விட்டுக்கொடுத்தார்கள், நல்ல செய்தி.

சஸ்பெண்டைத் தண்டனை என்று எழுதுவது தனிப் பிழை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் அது 10ஆம் விதி. தண்டனைப் பட்டியல் 11ஆம் விதியில் தனியாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் மிகச் சிறியது கண்டனம். அரசியல்வாதி தெரிவிக்கும் கண்டனம் அறிக்கையோடு முடியும், இது பணிப் பதிவேட்டில் ஏறும்.

ஆயுள் என்றால் 14 ஆண்டு

இல்லை. ஆயுள் முழுவதும். மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 ஆண்டு சிறையில் கழிவதற்கு முன் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஒறுத்தல், சிட்சை

தண்டனை என்ற பொருளில் தீர்ப்புச் செய்தியில் இரண்டும் வேண்டாம். ‘ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்று குறளில் அரசனுக்குப் பொருந்தும் சொல், இன்று கத்தோலிக்கரின் தவக்காலத்தில் ஒருவர் தன்னையே வருத்திக்கொள்வதற்குப் பெயர். சிட்சை வேதாகமத் தமிழின் வாடை அடிக்கும். அங்கே அது திருத்துவதற்காகக் கொடுப்பது.

ஏககாலத்தில்

தீர்ப்பின் கடைசி வரியைப் படிக்காமல் ஆண்டுகளைக் கூட்டித் தலைப்பு வைக்காதீர்கள். ஒரு பிரிவில் எட்டாண்டு, இன்னொன்றில் ஐந்தாண்டு. ஏககாலத்தில் என்றிருந்தால் எட்டு, அடுத்தடுத்து என்றிருந்தால் பதின்மூன்று.