மறுவாழ்வு இல்லத்தில் நோயாளியின் ரகசியம் காப்பது

குடிநோய் சிகிச்சை இல்லங்களில் ரகசியம் கசிவது பெரும்பாலும் கோப்பறையில் அல்ல, தொலைபேசியில்தான். "அவர் அங்கே இருக்காரா?" என்று கேட்பவருக்கு "இல்லை" என்பதும் ஒரு தகவல். ஒருவருக்கு "இல்லை", இன்னொருவருக்கு "சொல்ல முடியாது" என்றால், ஆள் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் ஒரே பதில்: "யார் இருக்கிறார்கள் என்று போனில் சொல்வதில்லை." யாரிடம் பேசலாம், அவர் போன் எண் என்ன என்பதைச் சேரும்போதே நோயாளியிடம் எழுதி வாங்குங்கள், அந்த எண்ணுக்கு நீங்களே திருப்பி அழையுங்கள். மனைவி, அண்ணன் என்று குரல் சொன்னால் மட்டும் போதாது.

பார்வையாளர் நோட்டில் வரிசையாக எழுதினால் அடுத்து வருபவர் மேலே உள்ள பெயர்களைப் படிப்பார். ஆளுக்கொரு தனிச்சீட்டு கொடுங்கள். வார்டு பலகையில் படுக்கை எண் போதும். ஆனால் மருந்து கொடுக்கும்போது பெயரையும் கேட்டுச் சரிபாருங்கள், இல்லையேல் மருந்து மாறும். கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை ஒழியுங்கள். குழுவில் அழித்தாலும் போன் கேலரியில் தங்கிவிடலாம்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. பிறருக்குத் தீங்கு, உயிராபத்து, உயர் நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் உண்டு. அப்போதும் தேவையான அளவு மட்டுமே சொல்லுங்கள். அனுமதியின்றி ஊடகத்துக்குப் படம் தருவதை 24ஆம் பிரிவு தடுக்கிறது.