டெல்டா ஊருக்குப் போகிறவர்கள் இரவு எங்கே படுப்பது என்பதை முதலில் பாருங்கள்

பர்மாவின் ஐராவதி டெல்டாவில் பிறந்து, பிறகு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாங்கூனிலேயே உறவுக்காரர்கள் இருப்பவர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. நாலு பக்கமும் ஆறு சூழ்ந்த விவசாயத் தீவில் அண்ணன் தம்பி இருக்கிறார்கள், அப்பாவுக்குத் திதி கொடுக்க வேண்டும், முனீஸ்வரருக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இது.

முதலில் காலம். மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை, அப்போது போகாதீர்கள். வரப்பும் தெரியாது, வழியும் தெரியாது. நவம்பர், டிசம்பர் அறுப்பு மாதங்கள். வீட்டில் யாருக்கும் உங்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது, போதாததற்கு அறுத்த வயலில் கண்ணாடி விரியன் அதிகம். பர்மாவில் பாம்பு கடித்து இறப்பவர்களில் பெரும்பாலோர் அது கடித்தவர்கள்தான். தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் படகில்தான் போக வேண்டும் என்பதை மனதில் வையுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். நெல் வீட்டுக்கு வந்திருக்கும். ஈரம் காயாத வயலில் உளுந்து நிற்கும். இந்தியா வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி இந்த மண்ணிலிருந்துதான் போகிறது. சென்னையில் இட்லி சாப்பிடும்போதெல்லாம் எனக்கு எங்கள் வயல் ஞாபகம் வரும்.

மார்ச்சுக்கு மேல் ஆற்றுத் தண்ணீர் உப்பேறிவிடும். அதன் பிறகு மழை விழும்வரை ஊருக்குக் குடிதண்ணீர்க் குளம் ஒன்றுதான் கதி. அதில் யாரும் கால் நனைக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு துவாந்தே ஊர் மண் ஜாடிகளில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரும் கொஞ்சம் இருக்கும். நீங்கள் போனால் மதினி முகம் கோணாமல் அதிலிருந்து வாளி வாளியாக மொண்டு குளிக்க ஊற்றுவார். இரண்டு வாளிக்கு மேல் வாங்காதீர்கள். அந்த வீட்டில் அவர்கள் மே வரை குடிக்க வேண்டியது அது. ஏப்ரல் நடுவில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா. அலுவலகங்கள் மூடிக்கிடக்கும், அந்த வாரத்தில் எந்தக் காகித வேலையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

போகும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹ்லைங்தாயாவில் உள்ள தகோன் ஏயா நிலையத்திலிருந்து டெல்டா ஊர்களுக்குப் பஸ் இருக்கிறது. அதற்கப்புறம் படகு. வழியில் சோதனைச் சாவடிகளில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள், கைபேசியையும் திறந்து காட்டச் சொல்லலாம். எந்த டவுன்ஷிப்புக்கு வெளிநாட்டவர் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. கிளம்பும் வாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1982 குடியுரிமைச் சட்டப்படி, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதும் நாம் அங்கே வெளிநாட்டவர். இரட்டைக் குடியுரிமை கிடையாது. பிறந்த இடம் என்று பாஸ்போர்ட்டில் அந்த நாட்டின் பெயரே அச்சாகியிருந்தாலும் சரி. சுற்றுலா விசா 28 நாள். உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தனி வகை விசா உண்டு; அதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் எந்த விசாவும் உங்கள் அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒரு ராத்திரி படுக்க உரிமை தராது.

அங்கே யார் வீட்டில் யார் இரவு தங்கினாலும், பக்கத்து ஊர் மச்சானாக இருந்தாலும், ஊர் லூஜியிடம், அதாவது ஊர்த் தலைவரிடம், சொல்லிப் பதிய வேண்டும். 2012-ல் வந்த வார்டு, கிராம நிர்வாகச் சட்டத்தில் அது இருந்தது. 2016-ல் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த கையோடு திரும்பக் கொண்டுவந்தது. உள்நாட்டு ஆளுக்கே இப்படி. வெளிநாட்டவர் என்றால் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். வீட்டில் தங்கத் தனி அனுமதி வேண்டும். சின்ன ஆற்றங்கரை நகரங்களில் எல்லா விடுதிக்கும் அந்த உரிமம் இருக்காது.

நான் அனுமதி கேட்டுப் போனேன். ஊர் லூஜி நல்ல மனுஷர், என் அப்பாவோடு ஏர் ஓட்டியவர். "நம்ம பொண்ணு, எனக்குத் தெரியும், ஆனா நான் சொன்னா செல்லாது" என்று நகரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. "அமா" என்று மரியாதையாகத்தான் அழைத்தார். போலீஸ் நிலையத்திலும் கையெழுத்து வேண்டும் என்றார். போலீஸ் நிலையத்தில், அலுவலகம் முதலில் முத்திரை வைக்கட்டும் என்றார்கள். பாஸ்போர்ட் நகல் எடுக்கக் கரண்டு இல்லை. கரண்டு வந்தபோது அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் தீவுக்குத் திரும்பவும் முடியாது, அனுமதி இல்லையே. உரிமம் உள்ள ஒரே விடுதியில் அறை போட்டு, ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த ஆற்றின் அக்கரை தாண்டி ஒரு ஓடைக்குள் திரும்பினால் நான் பிறந்த வீடு.

மறுநாள் போனால் அந்த அதிகாரி எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஒன்று கேட்டார்: தங்கப்போகும் வீட்டின் குடும்பப் பட்டியல், மூலமும் நகலும். 66/6 படிவம். பர்மாவில் அரசாங்கத்திடம் எதற்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும், பிறந்த தேதியும், அட்டை எண்ணும், இனமும், மதமும் அதில் இருக்கும்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் நானே படகில் போய்க் கேட்டேன். நர்கிஸ் புயலில் போயிருக்கும் என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். புயலுக்கு அப்புறம் எல்லோருக்கும் புதுப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள் என்று அவர்தான் போனில் எனக்குச் சொன்னவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், தங்கச்சியை ஒரு ராத்திரி வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு காகிதம் எடுத்துக் கொடுக்க மனசில்லையா என்று கத்தினேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

மதினிதான் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். டனி ஓலைக் கூரையில் சொருகியிருந்த பிஸ்கட் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் பையில் மடித்து, ரப்பர் பாண்டு போட்ட காகிதம். அம்மா அப்பா பெயர்கள் மேல் கோடு இழுத்திருந்தது, இறந்தவர்கள் என்று. என் பெயர் இல்லை. கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நாத்தனா, நீங்க கேக்குற காயிதத்துல உங்க மருமவன் பேரும் வயசும் இருக்கு. இத ஆபீஸ்ல கொண்டுபோய் மேசைல விரிக்கச் சொல்றீங்களே."

கட்டாய ராணுவ சேவைச் சட்டம் 2010-லேயே எழுதப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. யாரை எடுப்பது என்பது வார்டிலும் கிராமத்திலும் குடும்பப் பட்டியலை வைத்துத்தான் தொடங்குகிறது. எங்கள் ஊரில் பட்டியலை வெளியே எடுக்காமல், எதற்கும் விண்ணப்பிக்காமல், யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்போது செய்வது. நான் ஒரு ராத்திரி படுக்க ஆசைப்பட்டு அலுவலகம் அலுவலகமாக அந்த வீட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிங்கப்பூரில் இருக்கிற எனக்கு இதை யாரும் போனில் சொல்லவில்லை. போனில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

விண்ணப்பத்தைத் தொடரவில்லை. திதியை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது: அங்கே உங்கள் பெயரில் ஒரு மனு போட்டால் உங்கள் காகிதம் மட்டும் நகராது, அந்த வீட்டின் காகிதமும் சேர்ந்து நகரும். தங்க அனுமதி, நிலத்துக்கான 7-ஆம் படிவத்தில் பெயர் திருத்தம், பழைய பிறப்புச் சான்று, எதுவாக இருந்தாலும் அண்ணனையும் மதினியையும் தனியாக உட்காரவைத்து, இதனால் யாருக்குத் தொந்தரவு என்று முதலில் கேளுங்கள். அவர்கள் மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். காரணத்தைத் தோண்டாதீர்கள்.

வீட்டில் இளவட்டம் இருந்தால் இன்னொன்றும் நடக்கும். "அத்தை, என்னையும் கூட்டிட்டுப் போயிருங்க" என்பான். என்னிடம் சொன்னவன் மீசை முழுசாக அரும்பாதவன், படகில் என் பையைத் தூக்கி வைத்துக்கொண்டே சொன்னான். பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லை வைத்து வீட்டில் மாட்டை விற்கக் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அனுமதி கேட்கும் விண்ணப்பங்களை 2024 மே மாதத்தில் நிறுத்தினார்கள்; அதற்குப் பிறகும் விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன. ஏஜெண்டுகள் இந்தப் பயத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். உங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொண்டு, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் நாட்டை விட்டுப் போன காலத்தில் ஒரு பாஸ்போர்ட்டும் ஒரு தெரிந்தவரும் போதும். அந்தக் கதவு எனக்குத் திறந்திருந்தது, அவனுக்கு இல்லை. இதைப் பெருமையாகவும் சொல்ல முடியாது, அவனுக்கு எதிரே சொல்லாமல் இருக்கவும் முடியாது.

பணம். மடிப்பும் கறையும் இல்லாத டாலர் நோட்டுகளையே வாங்குவார்கள். 2022 ஆகஸ்டில் 1 டாலருக்கு 2,100 சாட் என்று அரசு விலை வைத்தது. சந்தை விலை அதற்கு வெகு மேலே போய்விட்டது. பெரியவர்களுக்குப் பணம் கொடுத்தால் அன்றைக்கே அதை நெல்லாகவோ தங்கமாகவோ மாற்றிவிடுவார்கள். கொடுத்ததை மதிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். 1964-ல் 50, 100 சாட் நோட்டுகளும், 1987-ல் 25, 35, 75 சாட் நோட்டுகளும் செல்லாமல் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். முதல் முறை அரசாங்கம் கடைகளையும் எடுத்துக்கொண்டது. அப்போது லட்சக்கணக்கில் நம்மவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். என் தாத்தாவின் தம்பி போனார். தாத்தா போகவில்லை, வயலில் நெல் நின்றது என்று காரணம் சொன்னாராம்.

நர்கிஸ் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள். 2008 மே 2 இரவு கடல் ஏறி வந்தது. செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக சுமார் 1,38,000 பேர், அதில் பெரும்பாலோர் டெல்டாக்காரர்கள். உங்கள் வயதுக்காரர் ஒருவரைப் பற்றி "எங்கே, காணோம்?" என்று சாதாரணமாகக் கேட்பீர்கள், சுற்றி இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நாம் அன்றைக்கு அங்கே இல்லாதவர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். யார் யார் இருக்கிறார்கள் என்று மதினியிடம் முன்பே தனியாகக் கேட்டு வைப்பது நல்லது.

தங்க முடியாவிட்டால் பகலிலேயே போய்வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பகலில் வருவதற்கும் ஊர் லூஜிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நகரத்தில் ஒரு படகை நாள் முழுக்கப் பேசி, ஆற்றில் ஏற்றத் தண்ணீர் இருக்கும்போதே ஓடைக்குள் நுழைந்துவிட வேண்டும். எள், தர்ப்பை, சூடம் எல்லாம் யாங்கூன் காளி கோயில் பக்கத்துக் கடைகளிலேயே கிடைக்கும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விட்டார். மதினி சோறு, வாழைக்காய், பருப்பு, அப்பாவுக்குப் பிடித்த ஙப்பித் துவையல் (ஙப்பி என்பது புளிக்கவைத்த மீன் விழுது) என்று ஆக்கி வைத்திருந்தார். திதிச் சாப்பாட்டில் ஙப்பியா என்று கேட்காதீர்கள், அங்கே அப்படித்தான். மருமகன் இலை போட்டான். பேசுவதற்கு எல்லாம் பேசியாயிற்று, பகல் போதுமானதாகவே இருந்தது.

வெயில் சாயும் முன் படகுக்காரர் குரல் கொடுப்பார். இன்னும் ஒரு டீ, இன்னும் ஒரு வீடு என்று இழுக்காமல் ஏறிவிடுங்கள். வற்றம் தொடங்கிவிட்டால் படகு ஓடைச் சேற்றில் உட்கார்ந்துவிடும். இருட்டிய பிறகு பதியாத ஆள் ஒருத்தி தீவில் இருந்தாள் என்றால், அதற்கு ஆபீஸில் போய்ப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் அண்ணன்.