ரொறன்ரோவின் குளிரும் ஊர்க் கைமருந்தும்

ரொறன்ரோவுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் தடிமனும் வறட்டு இருமலும் எட்டிப் பார்க்காத வீடு அரிது. வெப்பமூட்டி இரவும் பகலும் ஓடுவதால் வீட்டுக்குள் காற்று வறண்டு, தொண்டை கரகரக்கும். அப்போது ஊரில் அம்மா அவித்துத் தந்த மல்லித்தண்ணீர்தான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு வேண்டியவை யாவும் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் உண்டு. ஒரு பிடி மல்லியை வெறுஞ்சட்டியில் மணம் எழும்வரை வறுத்து, தட்டிய வேர்க்கொம்புத் துண்டொன்றும் ஐந்தாறு மிளகும் சேர்த்து, மூன்று குவளைத் தண்ணீர் ஒன்றரையாக வற்றும்வரை அவித்து வடித்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு இளஞ்சூட்டில் குடியுங்கள். தடிமனை இது மாற்றிவிடாது என்றாலும், தொண்டைக்கு இதமாக இருக்கும். உடம்புக்கு வேண்டிய நீரும் சேரும்.

தமிழ்க் கடை அருகில் இல்லாதவர்கள் பெயர்களை அறிந்துவைத்தால் போதும். வட இந்தியக் கடைகளில் ஓமம் ‘அஜ்வைன்’, நற்சீரகம் ‘ஜீரா’, பெருங்காயம் ‘ஹிங்’. கரீபியன் மக்கள் ‘ஸ்பானிஷ் தைம்’ என்று இறைச்சிக்குச் சேர்ப்பது நமது கற்பூரவள்ளியேதான். உறைபனி பட்டால் ஒரே இரவில் கருகிவிடும் செடி அது. செப்டெம்பர் முடிவதற்குள் சாடியை வெயில் விழும் யன்னலோரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

குழந்தைகள் விடயத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை அப்படியே பின்பற்ற வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுவைக்கவும் கூடாது. பொட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கக்கூடும். வசம்பு உரைத்துக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்கா அதை உணவுப் பொருள்களில் சேர்ப்பதை 1968இலேயே தடைசெய்தது. கொதிநீர்ச் சட்டியின் முன் பிள்ளையைப் போர்வையால் மூடி ஆவி பிடிக்கவைத்தால், சட்டி சரிந்து உடல் வெந்துபோக ஒரு நொடி போதும்.

குடும்ப மருத்துவர் “வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா” என்று கேட்டால், கைமருந்தை மருந்தாகவே எண்ணாத நம் பெரியவர்கள் “இல்லை” என்று சொல்லிவிடுகிறார்கள். வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், கறியில் வழக்கமாகச் சேரும் மஞ்சளுக்கும் உள்ளிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றை மாத்திரையாகவோ நாள்தோறும் கரண்டிக் கணக்கிலோ எடுப்பதானால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ முதலில் சொல்லுங்கள். நள்ளிரவில் ஐயம் எழுந்தால் 811ஐ அழைத்துத் தாதியிடம் இலவசமாகக் கேட்கலாம். மூச்சு எடுக்கச் சிரமப்பட்டால் மல்லி வறுத்துக்கொண்டு நிற்காமல் 911ஐ அழையுங்கள்.